கரண்ட் முன்கூட்டி வராது

— எலி இல்லைக்கா! எலி கடிச்சா பல்லுத் தடம் இருக்கும், பிசிறு பிசிறா இருக்கும். இதைப் பாரு, வெண்ணெயை அறுத்த மாதிரி இருக்கு. கத்தரிக்கோல். யாரோ ஒரு மனுஷன் உக்காந்து, நிதானமா, என் மின்னல் மெஷின் ஒயரை வெட்டியிருக்கான்.

— கத்தாதேடா கோபி. கீழ்வீட்டுப் புஷ்பாக்கா இப்பத்தான் தலைவலின்னு படுத்திருக்காங்க.

— கத்துவேன்! தாகேதாப் பேட்டை முழுக்கக் கேக்கட்டும். பிளக்கு சுவத்துல அப்படியே குத்தியிருக்கு, ஒண்ணும் தெரியாத பிள்ளை மாதிரி. அரிசி டின்னுக்குப் பின்னால கையை விட்டு இழுத்தா, ஒயர் மட்டும் முழமா கையோட வருது. ரூபாக்கா, இது சதி.

— அம்மாடி, சதியாம். எப்பப் பார்த்தே?

— இப்பத்தான். கரண்ட் போன பிறகு. இன்னிக்கு நம்ம முறை காலையில ஒன்பதுலேருந்து ஒரு மணி. ஒன்பதுக்கு வந்துச்சு, இல்லேங்கலை. தெருப் பிள்ளைங்க எல்லாம் ‘மீலாபி, மீலாபி’, கரண்ட் வந்தாச்சுன்னு கூவுச்சு. நான் சுவிட்சைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். சத்தமே இல்லை. ரெண்டு ட்ரான்ஸ்பார்மரும் முனகணும்க்கா, புத்த மடத்துல விடியக்காலம் ஓதுற மாதிரி. ஒரு மூச்சு இல்லை.

— அப்ப ஒயரைப் பார்க்க வேண்டியதுதானே முதல்ல.

— ஒயரை எவன் சந்தேகப்படுவான்? சொந்த வீட்டு ஒயரை! நான் டயோடைச் சந்தேகப்பட்டேன். நேத்து ஊத்தி ஆற வைச்ச மெழுகு எல்லாத்தையும் உளியால உடைச்சேன். கெப்பாசிட்டர் ஒவ்வொண்ணையும் கழட்டி முகத்துக்கு நேரா பிடிச்சுப் பார்த்தேன். அது என்ன பாவம் பண்ணுச்சு? ஒன்பது முப்பத்தஞ்சுக்கு கரண்ட் போயிடுச்சு. நாலு மணி நேரம்னு பட்டியல்ல போட்டுட்டு முப்பத்தஞ்சு நிமிஷம்! தானம் கொடுத்த கையை இழுத்துக்கிற மாதிரி.

— அந்த மெழுகு கோயில் மெழுகுவத்தி. எனக்குத் தெரியாதுன்னு நினைக்காதே.

— மீந்துபோன துண்டுக்கா! குப்பைக்குப் போறது. அதையும் இப்ப சொல்லிக்காட்டு.

— சரி விடு. ஒயர்தானே? வேற ஒயர் போட்டுக்கோ.

— ஒயர் ரெண்டு நிமிஷ வேலை. கரண்டுக்கு எங்க போறது? அடுத்த முறை நாளைக்கு விடியக்காலம் அஞ்சு மணி. எங்க கிளப்பு சொக்கன் என்ன சொல்லியிருக்கான்? இன்னிக்கு சாயங்காலம் ஆறுக்குள்ள வீடியோ வரணும். வீட்டுல ஓடினதுக்கு வீடியோ இல்லைன்னா நாளைக்குக் கூட்டத்துக்கு ஹாலுக்குள்ள விடமாட்டான்.

— உன் கூட்டாளிதானேடா. கெஞ்சினா கேப்பான்.

— கேக்க மாட்டான். அந்தச் சட்டமே என்னாலதான் வந்துச்சு. போன வருஷம் என் காயில்லேருந்து மின்னலா வந்துச்சு? புகை. அதுவும் முன்வரிசையில உக்காந்திருந்த பெரிய டீச்சரம்மா மூக்குக்கு நேரா. மின்னல் எங்கடா, பூதக்கண்ணாடி கொண்டான்னு சிரிச்சானுங்க. எல்லாரும் சீனாக்காரன் போர்டு வாங்கி மாட்டினானுங்க, விரல் நீளத்துக்கு ஊதாவா ஒரு இழை, அதுக்குக் கைதட்டு. நான் ஒருத்தன்தான் எல்லாத்தையும் கையால கட்டினேன். அந்த வயித்தெரிச்சல்லதான் இந்த ஒரு வருஷமா சப்ளையைத் திரும்பக் கட்டியிருக்கேன்.

— அடுத்த மாசக் கூட்டத்துல காட்டேன்.

— அடுத்த மாசம் ஏதுக்கா? பதினொரு பேர் இருந்த கிளப்பு. பாங்காக் மூணு, மலேசியா மூணு, ஒருத்தன் ஜப்பான். மிச்சம் நாலு. செவ்வாய்க்கிழமை சொக்கனும் பாங்காக் போறான். ஹால் சாவி அவன்கிட்டதான். நாளைக்கு விட்டா நான் எவனுக்குக் காட்டுறது? சுவத்துக்கா?

— எனக்குக் காட்டு.

— உனக்குக் காட்டாமலா? நீ சுத்தின காயில்தானே அது.

— ஆயிரத்து நூறு சுத்து. தண்ணிக் குழாய் மேல, ஒண்ணு மேல ஒண்ணு ஏறாம. பதினொரு நாள். எண்ணூத்தி நாப்பதுல நீ தும்மி, திரும்ப எண்ண வைச்சே.

— அதனாலதான் சொல்றேன். இந்த ஊர்ல எல்லாமே எவனோ திறந்துவிட்டாத்தான் நமக்கு. கரண்ட் அப்படி, தண்ணி அப்படி, பஸ் அப்படி. நம்ம வீட்டுல, நம்ம கையால, ஒரு முழ நீளத்துக்கு ஒரு மின்னல். எவனும் பட்டியல் போட்டுக் கொடுக்காத மின்னல். அதைப் போய் ஒருத்தன் வெட்டுறான்னா அவனுக்கு எவ்வளவு கல் நெஞ்சு இருக்கணும்!

— கல் நெஞ்சோ என்னவோ. நான் ஒண்ணு கேக்கிறேன். கரண்ட் இல்லாதப்ப அந்தப் பிளக்கு ஏன் சுவத்துல குத்தியே இருக்கு? எத்தனை தடவை சொன்னேன், பிடுங்கி வைடா, பிடுங்கி வைடான்னு.

— ஆரம்பிச்சுட்டியா? கரண்ட் வந்தா எனக்குத் தெரிய வேண்டாமா? ட்ரான்ஸ்பார்மர் முனகும். அதுதான் எனக்கு மணி. ஊர்ல எல்லாரும் அப்படித்தான் வைக்கிறாங்க. ஒருத்தன் விளக்கைப் போட்டு வைக்கிறான், ஒருத்தன் தண்ணி மோட்டாரைப் போட்டு வைக்கிறான்.

— நானும்தான் சோத்துக் குக்கர் சுவிட்சைப் போட்டபடி வைக்கிறேன். கரண்ட் வந்தா சோறு வேகும். ஆளு வேகமாட்டான். உன் மணி முனகும்போது உன் கை எங்க இருக்கும்?

— வெளிய இருக்கும். நான் என்ன பைத்தியமா? பட்டியல்ல ஒரு மணின்னா பன்னெண்டே முக்காலுக்கே கையை எடுத்துடுவேன், கணக்கா.

— முன்னாடியே வந்துட்டா?

— எங்க, முன்னாடியா? ரூபாக்கா, நீ எந்த ஊர்ல இருக்கே? எடுக்கிறது முன்னாடி எடுப்பாங்க. இன்னிக்கே பாரு, முப்பத்தஞ்சு நிமிஷம். கொடுக்கிறது ஒரு நிமிஷம் முன்னாடி கொடுத்ததா சரித்திரமே கிடையாது. உனக்கு ஞாபகம் இருக்கா? ஒரே ஒரு நாள் சொல்லு.

— அந்த ரூம்ல இருந்த ஒரே குண்டு பல்பையும் கழட்டி உன் பெட்டியில மாட்டிக்கிட்டே. அது இருந்தாலாவது எரியும், தெரியும்.

— அது காவலுக்குக்கா. உள்ள எங்கயாவது ஷார்ட் ஆனா பல்பு எரிஞ்சு தாங்கிக்கும், ட்ரான்ஸ்பார்மர் கருகாது. எல்.இ.டி. போட்டா அந்த வேலை ஆகாது. பழைய குண்டு பல்பு இப்ப எங்க கிடைக்குது?

— ட்ரான்ஸ்பார்மருக்குக் காவல் வைச்சிருக்கே. உனக்கு? காதுல எப்பப் பார்த்தாலும் அந்தப் பாட்டுக் குச்சி. பேர் சொல்லிக் கூப்பிட்டாலே கேக்காது.

— பேச்சை மாத்தாதே. வெட்டினது யாரு? இந்த வீட்டுல இருக்கிறது மூணு பேர். நான் வெட்டலை. நீ வெட்ட மாட்டே, உன் காயில் அது. மிச்சம் யாரு? உன் வீட்டுக்காரர்.

— டேய், அவரை இழுக்காதே.

— இழுப்பேன். இதைப் பேய் மெஷின்னு சொன்னது யாரு? அவங்கம்மா மாவ்பியிலேருந்து வந்தப்போ காயிலைத் தூக்கிக் கட்டிலுக்கடியில போட்டுப் பாயால மூடினது யாரு?

— அவங்கம்மாவுக்கு நெஞ்சு வலிடா. இந்தக் கூத்தைப் பார்த்தா பயந்துடுவாங்கன்னு மூடினார்.

— பயந்தா காயிலை மூடுவார், பயம் போதலைன்னா ஒயரை வெட்டுவார். வரட்டும். சனிக்கிழமை அரை நாள்தானே. ஷ்வேப்யிதா மில்லுலேருந்து ஆள் ஏத்தி விடுற ஃபெர்ரி வண்டி வர்ற நேரம்தான். மாடிப்படியில கேக்குது பாரு, அதே நடை. நாலு படிக்கு ஒரு பெருமூச்சு.

— கோபி, உன்னைக் கையெடுத்துக் கும்பிடுறேன், அவர் முதல்ல தண்ணி குடிக்கட்டும்.

— ரூபா! இந்தா புள்ளே, இந்தக் கரி மூட்டையை ஒரு கை பிடி. மூணு மாடி ஏறுறதுக்குள்ள பாதிக் கரி என் சட்டையில இருக்கு.

— வாங்க அத்தான். வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன்.

— என்ன மாப்ளே, கையில ஒயரோட நிக்கிறே? என்னைக் கட்டிப்போடவா?

— இதை வெட்டினது யாரு?

— அதாவது மாப்ளே, முதல்ல செருப்பைக் கழட்டிக்கிறேன்.

— கழட்டுங்க. நல்லா நிதானமாக் கழட்டுங்க. என் வாழ்க்கை ஆறு மணிக்கு முடியுது, உங்களுக்கு என்ன அவசரம்?

— அவசரத்தைப் பத்தி நீ பேசாதே. வியாழக்கிழமை கரி தீர்ந்துபோச்சு, ஒரு மூட்டை வாங்கிட்டு வாடான்னு உங்கக்கா உன்னை அனுப்பினாளா இல்லையா? நீ என்ன வாங்கிட்டு வந்தே?

— அது வேற விஷயம்.

— ரெண்டு பித்தளைக் கதவுக் குமிழ். கதவு இல்லை. குமிழ் மட்டும்.

— பொறி தாண்டுறதுக்கு வேணும் அத்தான்! நல்ல உருண்டையா, வழுவழுன்னு அது கிடைக்கவே கிடைக்காது. பழைய சாமான் கடைக்காரன் அன்னிக்குத்தான் எடுத்து வைச்சிருந்தான்.

— குமிழைக் கொளுத்தி உலை வைக்க முடியலை மாப்ளே. மூணு நாளா கரண்ட் வர்ற நேரம்தான் இந்த வீட்டுல சோத்து நேரம். நடுராத்திரி கரண்ட் வந்தா நடுராத்திரி சோறு. நேத்து மில்லுல பசியோட நின்னேன். ஒரு வார்த்தை சொன்னேனா?

— சொல்லலை. அதுக்குப் பதிலா ஒயரை வெட்டிட்டீங்க.

— ஏங்க, அவன் பேசறதைக் காதுல வாங்காதீங்க. தண்ணியைக் குடிங்க.

— இரு புள்ளே. மாப்ளே, இங்க பாரு. பேய் மெஷின்னு நான்தான் சொன்னேன். இப்பவும் சொல்றேன், உன் முகத்துக்கு நேரா. அந்தப் பெட்டியில என்ன இருக்குன்னு நீதானே எனக்குச் சொன்னே? ரெண்டு மைக்ரோவேவ் அடுப்போட குடலை உருவிப் போட்டிருக்கேன், சுவத்துல இருநூத்தி முப்பது உள்ள போனா நாலாயிரத்துக்கு மேல வெளிய வரும், தொட்டா ‘அம்மா’ன்னு கத்தக்கூட நேரம் இருக்காதுன்னு. சிரிச்சுக்கிட்டே சொன்னே. எனக்கு அது பிடிக்கலை. பிடிக்காததை நான் வாயால சொல்ற ஆளு. திருட்டுத்தனமா வெட்டுற ஆளு இல்லை.

— அப்ப எலிதான் கத்தரிக்கோல் வாங்கிட்டு வந்துச்சா?

— அந்த ஒயரைக் கொடு பார்ப்போம்.

— பாருங்க. நல்லாப் பாருங்க. சுவத்துப் பக்கத் துண்டும் இதோ. திருடனுக்கு என்ன அக்கறை பாருங்க, வெட்டின முனையில டேப்பு சுத்தி வைச்சிருக்கான். கொலை பண்ணிட்டுப் பொட்டு வைச்ச மாதிரி.

— ம். மூணு சுத்து. இழுத்துச் சுத்தியிருக்கு. சுத்திட்டு, டேப்பு நுனியை உள்ளுக்கு மடிச்சு ஒட்டியிருக்கு.

— அதனால என்ன?

— எனக்கு மடிக்கத் தெரியாது மாப்ளே. நான் டேப்பைப் பல்லால கடிச்சு அப்படியே அப்பிடுவேன். மடிச்சு விட்டா அடுத்த தடவை நகம் வைச்சுப் பிரிக்க லேசா இருக்கும்னு ஒருத்தன் ஒருத்திக்குச் சொல்லிக் கொடுத்தான். காயில் சுத்தினப்போ. பதினொரு நாளும் நான் அந்த மூலையில உக்காந்து பார்த்துக்கிட்டுத்தானே இருந்தேன்.

— அத்தான், என்ன சொல்றீங்க? அக்கா, இவர் என்ன சொல்றார்?

— அவர் வெட்டலைடா. நான்தான்.

— நீயா?

— நான்தான். நேத்துக் காலையில எட்டரைக்கு. நீ குளிக்கப் போனப்போ. பிளக்கைப் பிடுங்கி, அடுப்படிக் கத்தரிக்கோலால வெட்டி, டேப்பு சுத்தி, இருந்த மாதிரியே திரும்பக் குத்தி வைச்சேன்.

— புள்ளே, என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொன்னா நீங்க இவன்கூடச் சண்டைக்குப் போவீங்க. சண்டை போட்டா இவன் பெட்டியைத் தூக்கிக்கிட்டு சொக்கன் வீட்டுக்குப் போவான். அங்க எவன் பார்த்துக்குவான்?

— இவ்வளவு நேரமா என்னை அத்தான் மேல ஏவிவிட்டு வேடிக்கை பார்த்திருக்கே! அக்கான்னு சொல்லவே வாய் கூசுது. பிடுங்கி வைக்க வேண்டியதுதானே, வெட்டணுமா?

— பிடுங்கி வைச்சேன். செவ்வாய்க்கிழமை பிடுங்கினேன், நீ திரும்பக் குத்தினே. புதன்கிழமை பிடுங்கினேன், குத்தினே. வியாழக்கிழமை பிளக்கையே ஒளிச்சு வைக்கலாம்னு பார்த்தா அது ஒயரோட ஒட்டியிருக்கு.

— உன் பயத்துக்கு என் ஞாயித்துக்கிழமையைப் பலி கொடுத்துட்டே. ஒரு வருஷம்க்கா! ஒரு வருஷமா கடையில எல்லார் வீட்டு அடுப்பையும் பழுது பார்த்துட்டு வந்து, மிச்ச நேரத்துல மிச்ச கரண்ட்டுல கட்டினேன். போன வருஷம் ஊரான் சிரிச்சான், பொறுத்துக்கிட்டேன். இந்த வருஷம் என் வீட்டுக்குள்ளேயே கத்தரிக்கோல்! நீ சுத்தின காயிலை நீயே கழுத்தை அறுத்திருக்கே, தெரியுதா?

— தெரியுது.

— எதுக்கு? எனக்கு ஏதாவது ஆயிடுமேன்னு. என்ன ஆச்சு? சொல்லு! நேத்து ஒன்பது மணிலேருந்து பன்னெண்டே முக்கால் வரைக்கும் உள்ளதான் ரெண்டு கையும். சாப்பிடக் கூப்பிட்டப்போ ஒரு தடவை எந்திரிச்சேன், அவ்வளவுதான். ஒயர் நுனியைப் பல்லால கடிச்சு உரிச்சிருக்கேன், மெழுகு ஊத்தியிருக்கேன், பொறி தாண்டுற குமிழைத் துடைச்சிருக்கேன். அப்புறம் கடைக்குக் கிளம்பிப் போனேன். செத்தா போயிட்டேன்? இதோ உன் முன்னாடிதான் நிக்கிறேன். பட்டியல்ல ஒரு மணி. ஒரு மணிக்கு கரண்ட் வந்துச்சா இல்லையா?

— ஒரு மணிக்கும் வந்துச்சு.

— கேட்டீங்களா அத்தான்! அவ வாயாலேயே சொல்றா. கணக்கா ஒரு மணி. முன்னாடி கொடுக்கிற ஜாதியா அது? சரித்திரத்துலயே கிடையாதுன்னு நான் தலைபாடா அடிச்சுக்கிறேன், இவ கத்தரிக்கோலைத் தூக்குறா.

— மாப்ளே, மெதுவா. அவ முகத்தைப் பாரு.

— பார்த்தேன் அத்தான், நேத்தே நல்லாப் பார்த்தேன். அதைத்தான் என்னால தாங்கவே முடியலை. எட்டரைக்கு ஒயரை வெட்டிட்டு, பதினோரு மணிக்கு என் காதுலேருந்து குச்சியைப் பிடுங்கி, வாடா சாப்பிடலாம்னு கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் போறா. ஆவி பறக்கச் சுடுசோறு. ஙப்பி மீன் விழுது, வறுத்த கருவாடு. எதிர்ல உக்காந்து ஒவ்வொரு வாய்க்கும் என் முகத்தையே பார்க்கிறா. தட்டு காலியாகுறதுக்குள்ள இன்னொரு கரண்டி போடுறா. என்ன பாசம்னு நினைச்சேன், மடையன்! குத்தம் பண்ணின கைதானே அள்ளி அள்ளிப் போட்டிருக்கு?

— சுடுசோறா? நேத்துக் காலையிலயா?

— ஆமா அத்தான், வாய் பொத்துப் போற அளவுக்கு. விஷத்தை வைச்சுக்கிட்டு விருந்து போட்டிருக்கா. கேளுங்க அவளை! இப்ப மட்டும் எதுக்கு அழறா? என்னக்கா, வாயைத் திறந்து பதில் சொல்லு!

— நேத்துப் பூரா சொல்ல வாய் வரலைடா கோபி. நீயே கேக்கிறதால கேக்கிறேன். வியாழக்கிழமைலேருந்து ஒரு துண்டு கரி இல்லாத வீட்டுல, நேத்து பதினோரு மணிக்கு நீ தின்ன அந்தச் சுடுசோறு எதுலடா வெந்துச்சு?